பையில் கிடைத்தது சில்லறை, காகிதத்தில் போனது கஜானா

மலேசியாவின் 1எம்.டி.பி. ஊழலில் 450 கோடி டாலர் வெளுத்தது எப்படி? தடுக்க வேண்டிய அமைப்புகள் அப்போது என்ன செய்தன?

2018 மே 18. விடிய இன்னும் நேரமிருந்தது. கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங்கில், பெவிலியன் வணிக வளாகத்தை ஒட்டிய சொகுசு அடுக்ககத்தின் வாசலில் போலீஸ் லாரிகள் காத்திருந்தன. உள்ளேயிருந்து தள்ளுவண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பெட்டி பெட்டியாகக் கைப்பைகள், மொத்தம் 284 பெட்டிகள். ஹெர்மெஸ் பிர்கின் ரகப் பைகளும் அதில் இருந்தன. அவற்றோடு 72 பயணப் பைகள்.

அந்த 72-இல் 37 பைகளில் நகையும் கைக்கடிகாரமும். மீதி 35-இல் ரொக்கம். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலிருந்து 22 பேர் வந்து 3 நாள் எண்ணினார்கள். 26 நாட்டு நோட்டுகள், கூட்டினால் 11.4 கோடி ரிங்கிட். அடுத்த மாதம் வணிகக் குற்றப் புலனாய்வுத் தலைவர் அமர் சிங் முழுப் பட்டியலை வெளியிட்டார். நகைகள் மட்டும் 12,000. கைப்பைகள் 567, கடிகாரங்கள் 423, குளிர்கண்ணாடிகள் 234, தலையில் சூடும் மகுடங்கள் 14. எல்லாம் சேர்த்து 90 கோடி முதல் 110 கோடி ரிங்கிட் பெறும் என்றார். ஒன்பது நாளுக்கு முன்புவரை பிரதமராக இருந்த நஜிப் ரசாக்கோடு தொடர்புடைய வீடுகளில் கிடைத்தவை இவை.

உலகம் முழுக்க அந்தப் படங்கள்தான் இந்த ஊழலின் முகமாயின. அதன் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. அந்த ரொக்கத்தைப் பறிமுதல் செய்ய அரசு நீதிமன்றம் போனது. அது கட்சியின் பணம் என்று நஜிப்பின் கட்சியான அம்னோ உரிமை கோரியது. குற்றத்தின் வழியே வந்த பணம் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 2021 மே மாதம் உயர் நீதிமன்றம் பறிமுதல் மனுவைத் தள்ளுபடி செய்தது.

கட்டுக்கட்டாகக் கண்ணெதிரே கிடந்த பணத்துக்கு ஆதாரம் இல்லை. நஜிப்பைச் சிறைக்கு அனுப்பியது யாரும் கையால் தொடாத வேறு பணம். அது வங்கி விட்டு வங்கி போனது. ஒவ்வொரு அடியிலும் ஒரு படிவம், ஒரு முத்திரை, கோட்டு போட்ட ஒருவரின் கையெழுத்து. அமெரிக்க நீதித் துறையின் கணக்குப்படி 2009 முதல் 2015 வரை அப்படிப் போனது 450 கோடி டாலருக்கும் மேல்.

கையெழுத்துப் போட்டு எடுத்த பணம்

பின்னணி சுருக்கமாக. 2009 ஏப்ரலில் நஜிப் பிரதமரானார். நிதியமைச்சர் பொறுப்பையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த ஆண்டே, திரெங்கானு மாநிலத்துக்கென்று தொடங்கிய ஒரு முதலீட்டு நிதி, மத்திய அரசின் 1எம்.டி.பி. நிறுவனமாக மாறியது. நாட்டின் வளர்ச்சிக்கு வெளிநாட்டு முதலீடு கொண்டுவருவது அதன் வேலை என்றார்கள். ஆலோசனைக் குழுத் தலைவர் நஜிப். எந்தப் பதவியும் இல்லாமல் எல்லா முடிவிலும் இருந்தவர் பினாங்கைச் சேர்ந்த ஜோ லோ. அப்போது அவருக்கு 27, 28 வயது.

கையில் சொந்த முதல் இல்லாத நிறுவனம் அது. அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கித்தான் வேலையைத் தொடங்கியது. முதல் பெரிய வியாபாரம் பெட்ரோசவுதி என்ற நிறுவனத்தோடு கூட்டு முயற்சி. 2009 செப்டம்பர் 30 அன்று 1எம்.டி.பி. 100 கோடி டாலர் அனுப்ப வேண்டும். அனுப்பியது. ஆனால் கூட்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது 30 கோடிதான். மீதி 70 கோடி, சூரிச் நகரில் ஒரு தனியார் வங்கியில் குட் ஸ்டார் என்ற பெயரில் இருந்த கணக்குக்குப் போனது.

யார் இந்த குட் ஸ்டார் என்று வங்கிகள் கேட்காமல் இல்லை. பெட்ரோசவுதியின் துணை நிறுவனம், பழைய கடனைத் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. அதற்குமேல் யாரும் கிளறவில்லை. குட் ஸ்டார் செஷல்ஸ் தீவில் பதிவான காகிதக் கம்பெனி. அதன் உண்மையான உரிமையாளர் ஜோ லோ.

இவ்வளவுதான் சூத்திரம். உரிமையாளர் பெயர் வெளியே தெரியாத ஒரு கம்பெனி, சந்தேகம் வந்தால் சமாதானம் சொல்ல ஒரு ஒப்பந்தம், சமாதானத்தை நம்பத் தயாராக இருக்கும் ஒரு வங்கி. துப்பாக்கி வேண்டாம், கள்ளத்தோணி வேண்டாம்.

பெட்டிச் செய்தி: கருப்பு வெள்ளையாகும் மூன்று கட்டங்கள்

நுழைப்பது: குற்றத்தில் வந்த பணத்தை வங்கி முறைக்குள் கொண்டுவருவது. போதைப்பொருள் வியாபாரிக்கு இதுதான் கஷ்டமான கட்டம். அரசு நிதியைச் சுருட்டுபவருக்கு இந்தக் கட்டமே இல்லை. பணம் ஏற்கெனவே வங்கிக்குள்தான் இருக்கிறது.

அடுக்குவது: கம்பெனி மாற்றி, நாடு மாற்றி, நாணயம் மாற்றி அனுப்பித் தடத்தைக் குழப்புவது. கடன், முதலீடு, ஆலோசனைக் கட்டணம், நன்கொடை என்று ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயர்.

கலப்பது: வீடு, ஓவியம், ஹோட்டல், சினிமா என்று கண்ணியமான சொத்தாக வெளியே எடுப்பது.

ஆபார் இரண்டு, ஃபால்கன் ஒன்று

2012-இல் விளையாட்டு பெரிதானது. நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி, 1எம்.டி.பி.க்காக மூன்று தவணையில் கடன் பத்திரங்கள் வெளியிட்டுக் கொடுத்தது. 2012-இல் இரண்டு முறை, தலா 175 கோடி டாலர். 2013 மார்ச்சில் 300 கோடி டாலர். மொத்தம் 650 கோடி. இதற்கு வங்கி எடுத்துக்கொண்ட கட்டணமும் வருவாயும் ஏறக்குறைய 60 கோடி டாலர். நூற்றுக்கு ஒன்பது! அரசு சார்ந்த ஒரு நிறுவனத்துக்குக் கடன் எழுப்பிக் கொடுக்க யாரும் இவ்வளவு கேட்பதில்லை, கேட்டால் யாரும் கொடுப்பதும் இல்லை. அந்த ஒரு விகிதமே கேள்வி கேட்கப் போதுமானதாக இருந்தது.

2012 கடன்களுக்கு அபுதாபி அரசின் ஐ.பி.ஐ.சி. நிறுவனம் உத்தரவாதம் தந்தது. அதன் துணை நிறுவனம் ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பி.ஜே.எஸ். உத்தரவாதத்துக்கு ஈடு என்று சொல்லி, வந்த கடனில் கணிசமான பங்கு பிரிட்டிஷ் வர்ஜின் தீவில் இருந்த ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பி.ஜே.எஸ். லிமிடெட் கணக்குக்குப் போனது. பெயரின் வாலைக் கவனித்தால் தெரியும், அது வேறு கம்பெனி. ஆனால் இயக்குநர்களாகக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்மையான ஐ.பி.ஐ.சி.யின் உயர் அதிகாரிகளே. 2016 ஏப்ரலில்தான், இந்தக் கம்பெனி எங்களுடையது அல்ல என்று ஐ.பி.ஐ.சி. பகிரங்கமாக அறிவித்தது. அந்த அதிகாரிகள் பின்னர் அபுதாபியில் சிறைக்குப் போனார்கள்.

2013 கடனிலிருந்து 120 கோடி டாலருக்கும் மேல், சிங்கப்பூரில் ஃபால்கன் வங்கிக் கிளையில் தனோர் என்ற கம்பெனியின் கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டது. ஃபால்கன் வங்கியின் உரிமையாளரே அபுதாபிக் குழுமம்தான். தனோரிலிருந்து அந்த மார்ச் மாதமே 68.1 கோடி டாலர், கோலாலம்பூர் ஆம்பேங்கில் நஜிப்பின் சொந்தக் கணக்கில் வந்து விழுந்தது. ஆகஸ்டில் 62 கோடி திரும்பிப் போனது. பின்னால் இது வெளியே வந்தபோது சொன்ன விளக்கம்: சவுதி அரச குடும்பத்தின் நன்கொடை. பெயர் எழுதாத மொய்க்கவரில் 68 கோடி டாலர் வைத்துவிட்டுப் போன விருந்தாளி யாரென்று கேட்டவர்களுக்குக் கடிதங்கள் காட்டப்பட்டன. அந்தக் கடிதங்கள் போலி என்பது நீதிமன்றத்தில் முடிவாக 2025 டிசம்பர் ஆனது.

தடத்தைக் குழப்புவதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. கரீபியக் கடலின் குரசாவ் தீவில் பதிவான முதலீட்டு நிதிகளுக்கு 1எம்.டி.பி. பணம் அனுப்பும். அந்த நிதி, தன் பெயரில் வேறொரு கம்பெனிக்கு அனுப்பும். பணம் நேராகப் போகவேண்டிய இடத்துக்கே போகிறது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் முதலீடு என்று இருக்கும். சிங்கப்பூரில் பி.எஸ்.ஐ. வங்கியில் இருந்த செல்வ மேலாளர்கள் இதை ஒரு சேவையாகவே செய்து கொடுத்தார்கள்.

அப்புறம் செலவு. குட் ஸ்டாரிலிருந்து சுமார் 36.8 கோடி டாலர், நியூயார்க் சட்ட நிறுவனம் ஒன்றின் கட்சிக்காரர் கணக்குக்குப் போனது. அமெரிக்காவில் வங்கி சந்தேகப் பரிவர்த்தனையை அரசுக்குச் சொல்லியாக வேண்டும். வக்கீலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்தக் கணக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸில் மாளிகையும் ஹோட்டலும் ஜெட் விமானமும் வந்தன. பின்னாளில் 25 கோடி டாலரில் ஈக்வானிமிட்டி என்ற உல்லாசப் படகு. மோனே, வான் கோ ஓவியங்கள். நஜிப் மனைவியின் முந்தைய திருமணத்து மகன் ரிசா அசீஸின் ரெட் கிரானைட் நிறுவனம் தயாரித்த படம் 2013-இல் வெளியாகி உலகெங்கும் ஓடியது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய பங்குத் தரகனின் கதை: 'தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்'. கதாசிரியர் யாரும் இப்படி எழுதத் துணியமாட்டார்.

2015: கோப்பு மூடப்பட்ட ஆண்டு

மலேசியாவில் சட்டம் இல்லையா? இருந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2001-இலேயே வந்துவிட்டது. ஊழல் தடுப்பு ஆணையம், அங்கே எஸ்.பி.ஆர்.எம். என்பார்கள், 2009 ஜனவரியில் புது அதிகாரங்களோடு தொடங்கியது. 1எம்.டி.பி. பிறந்த அதே ஆண்டு. கேள்வி கேட்கும் மத்திய வங்கி இருந்தது. மூன்று பெரிய தணிக்கை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

முதலில் வாய் திறந்தது இவர்களில் யாரும் இல்லை. பெட்ரோசவுதியில் வேலை பார்த்து விலகிய சேவியர் ஜஸ்டோ என்ற சுவிஸ் நாட்டவரிடம் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் இருந்தன. அவற்றை வைத்து 2015 பிப்ரவரி 28 அன்று, லண்டனிலிருந்து சரவாக் ரிப்போர்ட் நடத்தும் கிளேர் ரூகாசில் பிரவுன் முதல் பெரிய செய்தியை வெளியிட்டார். ஜூலை 2 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல், நஜிப்பின் சொந்தக் கணக்குக்குப் பணம் போனதை எழுதியது. ஜஸ்டோவுக்கு என்ன கிடைத்தது? தாய்லாந்தில் கைது, மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை. 2016 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

உள்ளே நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அட்டர்னி ஜெனரல் அலுவலகம், போலீஸ், பேங்க் நெகாரா, ஊழல் தடுப்பு ஆணையம் நான்கும் சேர்ந்த சிறப்புக் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. 2015 ஜூலை 28 அன்று அட்டர்னி ஜெனரல் அப்துல் கனி படாயில், உடல்நலக் காரணம் சொல்லிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் முகைதீன் யாசினும் அதே நாளில் போனார். ஊழலைப் பற்றி எழுதிவந்த தி எட்ஜ் பத்திரிகையின் உரிமம் மூன்று மாதம் முடக்கப்பட்டது. சிறப்புக் குழு கலைந்தது. ஆகஸ்டில், விசாரணையில் இருந்த ஊழல் தடுப்பு ஆணையத்தின் இரண்டு மூத்த அதிகாரிகள் எங்கே மாற்றப்பட்டார்கள் தெரியுமா? பிரதமர் அலுவலகத்துக்கு! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அப்படியும் ஆணையத்தின் விசாரணையாளர்கள் வேலையை முடித்தார்கள். 1எம்.டி.பி.யின் துணை நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிலிருந்து 400 கோடி ரிங்கிட் கடன் வாங்கியிருந்தது. அதில் 4.2 கோடி ரிங்கிட் இரண்டு கம்பெனிகள் வழியாக நஜிப்பின் கணக்குக்குப் போன தடத்தை அவர்கள் பிடித்துவிட்டார்கள். கோப்பு 2015 கடைசி நாளில் புது அட்டர்னி ஜெனரல் அபாண்டி அலியின் மேசைக்குப் போனது. 2016 ஜனவரி 26 அன்று அவர் செய்தியாளர் சந்திப்பில் குற்றம் எதுவும் இல்லை என்று அறிவித்துக் கோப்பை மூடினார். பேசும்போது கையில் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். புகைப்படக்காரர்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், எஸ்.ஆர்.சி. பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்ற வரைபடம்.

அடுத்த மாதம், 2016 பிப்ரவரியில், பணமோசடித் தடுப்புக்கான உலக அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். மலேசியாவை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பாரிஸில் 1989-இல் தொடங்கிய இந்த அமைப்பு சட்டம் இருக்கிறதா, அலுவலகம் இருக்கிறதா, படிவம் இருக்கிறதா என்று கூர்ந்து பார்க்கும். படிவத்தை நிரப்பிய அதிகாரியை மறுநாள் யார் இடமாற்றம் செய்தார்கள் என்பதை அது எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பது வேறு விஷயம்.

1எம்.டி.பி. பற்றிய கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டது. அதில் ஒரு பக்கத்தை வெளியிட்டதற்காக எதிர்க்கட்சி எம்.பி. ரஃபிசி ராம்லிக்கு 2016 நவம்பரில் 18 மாதச் சிறை விதித்தார்கள். 450 கோடி டாலர் எடுத்தவர்களில் ஒருவர்கூட அப்போது மலேசியச் சிறையில் இல்லை.

ஆணையத்தின் தலைமை ஆணையரை நியமிப்பது மாமன்னர், பிரதமரின் ஆலோசனைப்படி. ஆணையம் விசாரிக்கலாம், வழக்குப் போட அரசு வழக்கறிஞரின் அனுமதி வேண்டும். அரசு வழக்கறிஞர் என்பவர் அட்டர்னி ஜெனரல். அவரையும் பிரதமரின் ஆலோசனைப்படியே நியமிக்கிறார்கள். சந்தேகம் பிரதமர் மீதே இருந்தால் கோப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு விடை, சட்டம் எழுதிய நாளிலேயே அதற்குள் இருந்தது.

வெளியூரில் திறந்த கதவுகள்

பூட்டைத் திறந்தது பணம் போய்ச் சேர்ந்த ஊர்கள். டாலரில் நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையும் நியூயார்க் வங்கிகள் வழியாகத்தான் போகவேண்டும். அதுவே அமெரிக்காவுக்கு அதிகாரம் தந்தது. 2016 ஜூலை 20 அன்று நீதித் துறையின் ஊழல் சொத்து மீட்புப் பிரிவு, 100 கோடி டாலருக்கும் மேலான சொத்துகளை முடக்க வழக்குப் போட்டது. மனுவில் நஜிப்பின் பெயர் இல்லை. 'மலேசிய அதிகாரி 1' என்று மட்டும் இருந்தது. யார் அவர் என்பது மலேசியாவில் டீக்கடை வரை தெரியும்.

சிங்கப்பூர் தன் பங்குக்கு வேகம் காட்டியது. 2016 மே மாதம் பி.எஸ்.ஐ. வங்கியின் உரிமத்தை ரத்து செய்தது. 1984-க்குப் பிறகு அந்த நாட்டில் இப்படி நடந்தது அதுவே முதல்முறை. அக்டோபரில் ஃபால்கன் கிளையும் மூடப்பட்டது. வங்கி ஊழியர்கள் சிலர் சிறை சென்றார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எட்டு வங்கிகளுக்கு அங்கே விதித்த அபராதம் எல்லாம் சேர்த்து 2.91 கோடி சிங்கப்பூர் டாலர். ஓடிய பணத்தோடு ஒப்பிட்டால் அது வங்கிக்கு ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவே.

2018 மே 9 தேர்தலில் 92 வயது மகாதீர் முகமது வென்றபின்தான் உள்ளூரில் கோப்பு திறந்தது. ஊழல் தடுப்பு ஆணையத்தின் புதுத் தலைவர் சுக்ரி அப்துல், பதவியேற்ற கையோடு செய்தியாளர்கள் முன் அழுதார். 2015-இல் விசாரித்த நாட்களில் தன் வீட்டுக்குத் துப்பாக்கித் தோட்டா வந்ததையும், அமெரிக்காவுக்குப் போய்விட நேர்ந்ததையும் சொன்னார்.

வழக்கு நடத்தியவர்களில் நம் காதுக்குப் பழகிய பெயர்கள் உண்டு. எஸ்.ஆர்.சி. வழக்கில் அரசுத் தரப்பில் வி. சிதம்பரம். 1எம்.டி.பி. வழக்கில், கூட்டரசு நீதிமன்ற முன்னாள் நீதிபதி கோபால் ஸ்ரீராம். தீர்ப்பைப் பார்க்காமலே 2023 ஜனவரியில் காலமானார். எதிர்ப்பக்கத்திலும் ஒருவர்: 2015 முதல் 1எம்.டி.பி.யின் தலைமை நிர்வாகியாக இருந்த அருள் கந்தா, தணிக்கை அறிக்கையைத் திருத்திய வழக்கில் நஜிப்போடு சேர்ந்து நின்று 2023-இல் விடுதலையானார்.

எஸ்.ஆர்.சி. வழக்கில் 2020 ஜூலை 28 அன்று நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம். அட்டர்னி ஜெனரல் நீக்கப்பட்டு அன்றோடு சரியாக ஐந்தாண்டு. 2016-இல் மூடிய கோப்பில் இருந்த அதே 4.2 கோடி ரிங்கிட்தான் குற்றம். 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்ய, நஜிப் அன்றே காஜாங் சிறைக்குப் போனார். 2024-இல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கி ஆறாண்டாகவும், அபராதத்தை 5 கோடி ரிங்கிட்டாகவும் குறைத்தது.

பெரிய வழக்கான 1எம்.டி.பி. வழக்கில் 2025 டிசம்பர் 26 அன்று தீர்ப்பு. அதிகார முறைகேடு 4, பணமோசடி 21, ஆக 25 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றார் நீதிபதி காலின் லாரன்ஸ் செக்வேரா. 15 ஆண்டுச் சிறை, சுமார் 1,140 கோடி ரிங்கிட் அபராதம்.

பெட்டிச் செய்தி: யார் என்ன கட்டினார்கள்?

கோல்ட்மேன் சாக்ஸ்: மலேசியாவோடு 2020-இல் 390 கோடி டாலர் உடன்பாடு (ரொக்கம் 250 கோடி, சொத்து மீட்பு உத்தரவாதம் 140 கோடி). தவிர அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் அமைப்புகளோடு 290 கோடி டாலர்.

ஆம்பேங்க்: 283 கோடி ரிங்கிட்.

தணிக்கை நிறுவனங்கள்: டெலாய்ட் 8 கோடி டாலர், கே.பி.எம்.ஜி. 33.3 கோடி ரிங்கிட்.

தனிநபர்கள்: கோல்ட்மேனின் ரோஜர் இங்குக்கு 10 ஆண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்ன டிம் லைஸ்னருக்கு 2 ஆண்டு. பெட்ரோசவுதியின் இரண்டு நிர்வாகிகளுக்கு 2024-இல் சுவிஸ் நீதிமன்றம் 7 ஆண்டும் 6 ஆண்டும் விதித்தது.

ஜோ லோ: பல நாடுகள் தேடுகின்றன. இதுவரை பிடிபடவில்லை. சொத்துகளை விட்டுக்கொடுத்து அமெரிக்காவோடு உடன்பாடு மட்டும் செய்துகொண்டார்.

ஈக்வானிமிட்டி படகு: 25 கோடி டாலருக்கு வாங்கியது, 2019-இல் 12.6 கோடிக்கு விற்றது.

இந்தியாவில் என்ன நிலைமை?

இங்கே பிரச்னை வேறு திசையில். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-இல் நிறைவேறி 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அமலாக்கத் துறை கைது செய்யலாம், சொத்தை முடக்கலாம். ஜாமீன் கேட்பவர், தான் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டென்று நீதிபதிக்குத் தோன்ற வைக்க வேண்டும். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரங்களைச் செல்லும் என்றது. ஆனால் 2014 முதல் பத்தாண்டில் பதிவான 5,000-க்கும் மேற்பட்ட வழக்குகளில் தண்டனை வரை போனது 40 என்ற நாடாளுமன்றத் தகவலை, 2024-இல் அதே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தீர்ப்பு வந்தவற்றில் பெரும்பாலும் தண்டனைதான் என்பது துறையின் வாதம். தீர்ப்பே வராத வழக்குகளில் உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வாதம் என்ன ஆறுதல் தரும்?

மலேசியாவில் ஆளுங்கட்சிக்காரர் மீதான கோப்பு நகரவில்லை. இந்தியாவில் எதிர்க்கட்சிக்காரர் மீதான கோப்பு மட்டும் வேகமாக நகர்கிறது என்பது எதிர்க்கட்சிகளின் நிரந்தரப் புகார். இரண்டு ஊரிலும் கேட்க வேண்டியது ஒன்றே: விசாரணை அதிகாரியின் நியமனமும் இடமாற்றமும் யார் கையில்?

பூட்டுகள் தளர்கின்றன

1எம்.டி.பி. சொத்துகளில் 140 கோடி டாலரளவு மலேசியாவுக்கு மீட்டுத் தந்த அந்த அமெரிக்கப் பிரிவு இப்போது இல்லை. 2025 பிப்ரவரியில் டிரம்ப் நிர்வாகத்தின் அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி அதைக் கலைத்தார். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்கும் கம்பெனிகளைத் தண்டிக்கும் சட்டத்தின் அமலாக்கம் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, ஜூனில் தளர்ந்த விதிகளோடு திரும்பியது. கோல்ட்மேன் மீது பாய்ந்தது அந்தச் சட்டம்தான். கம்பெனிகளின் உண்மையான உரிமையாளர் பெயரை அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்ற விதியிலிருந்து, அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனிகளுக்கு மார்ச்சில் விலக்குத் தரப்பட்டது. இன்னொரு குட் ஸ்டாருக்கு இனி செஷல்ஸ் தேவையில்லை.

மலேசியாவிலும் நிம்மதிக்கு இடமில்லை. அட்டர்னி ஜெனரல் பதவியையும் அரசு வழக்கறிஞர் பதவியையும் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை 2018-க்கு முன்பிருந்தே ஒலிக்கிறது. 2023 செப்டம்பரில், துணைப் பிரதமர் சாகிட் ஹமிடி மீது 47 குற்றச்சாட்டுகள் இருந்த வழக்கை, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அரசுத் தரப்பு நிறுத்திக்கொண்டது. குற்றத்தை அவர் எப்போதும் மறுத்து வந்தவர்தான். அது உண்மையா பொய்யா என்று சொல்லும் வாய்ப்பு நீதிமன்றத்துக்குக் கிடைக்கவில்லை.

மீட்புக் கணக்கைப் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. படகு, ஓவியம், அபராதம் எல்லாம் திருடியதை ஈடுகட்ட மட்டும்தான். கடன் தனி. அதற்கு வட்டி உண்டு, தவணை உண்டு. எஸ்.ஆர்.சி.க்குப் போனது ஆசிரியர், நர்ஸ், குமாஸ்தா எனும் அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்காகச் சேர்த்த நிதி. அரசு உத்தரவாதம் இருந்ததால் சுமை வரி கட்டுபவர் தலைக்கு வந்தது. 2015 ஏப்ரலில் ஆறு சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது, நாங்கள் கட்டும் வரி எங்கே போகிறது என்று கடை வாசலில் கேட்ட மலேசியர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பென்ன? ஆட்சி மாறியதும் நாட்டின் கடனை அடைக்கப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டு அரசு ஒரு நிதி தொடங்கியது. மக்கள் கொடுத்தார்கள்: சில மாதங்களில் 20 கோடி ரிங்கிட் சேர்ந்தது. திருடாதவர்கள் கட்டிய பணம்.

கோல்ட்மேன் எழுப்பிய டாலர் கடன்களின் கெடு 2022-இலும் 2023 மார்ச்சிலும் முடிந்து, மலேசிய அரசு அசலைக் கட்டியது. இன்னும் ஒன்று பாக்கி. 2009-இல், 1எம்.டி.பி.க்கு அந்தப் பெயர் வருவதற்கும் முன்பே, அரசு உத்தரவாதத்தில் எடுத்த 500 கோடி ரிங்கிட் கடன். முப்பதாண்டுப் பத்திரம். கெடு 2039.